ஐந்தாம் ஊசி

வேலந்தாவளம் தாண்டுவதற்கு முன்
இடப்பக்கம் இரண்டு புளியமரம், ஒரு பங்சர் கடை,
அதையடுத்து மூன்று எடை மேடை.
ஜல்லி ஏற்றிய லாரிகள்
மூக்கை மேற்கே நீட்டி நிற்கும்.

மேடைக்கொரு கண்ணாடிக் கூண்டு.
கூண்டுக்குள் சிவப்பு எண் காட்டும் பழைய பெட்டி,
அதன் முதுகில் ஒன்பது ஊசி.
பதினைந்து மீட்டருக்கு மேல்
அதற்குக் குரல் எட்டாது.

புது ஆபீஸ் இருப்பதோ தொண்ணூறு மீட்டரில்.
ஆகவே நடுவில் ஒரு மனிதர்,
நாச்சிமுத்து அண்ணன்.
எண்ணைப் பார்ப்பார், துண்டுச்சீட்டில் எழுதுவார்,
சீட்டு நடந்து போகும்.
நடக்கிற வழியில் ஓரிரண்டு டன் இளைத்துவிடுவதாக
முதலாளிக்குச் சந்தேகம்.
அந்தச் சந்தேகத்துக்குத்தான் நான் வந்தேன்,
நாலு வாய் வைத்த சீரியல் சர்வர் ஒன்றும்
நீல வயர்ச் சுருளும் வண்டியில் கட்டிக்கொண்டு.

வேலை பெரிதில்லை.
இவன் வாயை அவன் காதில் வை,
அவன் வாயை இவன் காதில்.
வாயோடு வாய் வைத்தால் முத்தம், செய்தி இல்லை
என்று எங்கள் கடையில் சொல்வோம்.
வேகம் இரண்டாயிரத்து நானூறு.
பெட்டிக்கு ஒரு விலாசம். அவ்வளவுதான்.

பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரிடம்
ஒரு பொய் சொல்ல வேண்டும்:
'மேடை உன் முதுகில்தான் செருகியிருக்கிறது,
காம் ஐந்து. திரும்பிப் பார்க்காதே.'
அது நம்பும்.
பொய்யை நிறுத்த வந்த பெட்டியின்
முதல் வேலை இது.

ஒன்றாம் மேடை பேசியது. மூன்றாவதும் பேசியது.
இரண்டாவது மட்டும்
கேள்விக்குறி, வெறுங்கட்டம், மறுபடி கேள்விக்குறி,
தப்பித் தவறி ஒரு ஏழு.
வேகத்தை மாற்றினேன். வயரை மாற்றினேன்.
மேடைமேல் லாரியில் சுகதன் ஹார்ன் அடித்தான்,
"சேச்சி, எந்தா பிரஸ்னம்?"
மலையாளம் எனக்குக் காதில் வரும்,
வாயில் வராது.
கையை மட்டும் ஆட்டினேன்.

நாச்சிமுத்து அண்ணன்தான் டார்ச் பிடித்தார்.
தன் நாற்காலிக்கு அடியில் நான் குனிந்திருக்க
வெளிச்சம் நடுங்கவேயில்லை.
"அஞ்சாவதுல ஒண்ணுமே இல்லீங்களே, அம்மிணி."
ஆமாம். ஐந்தாம் ஊசி. தரை.
எப்போதோ யாரோ
இரண்டு வயரோடு கைகழுவிப் போயிருந்தார்கள்.
சொல்ல வழி உண்டு, கேட்க வழி உண்டு,
எது பூஜ்யம் என்பதில்
இருவருக்கும் உடன்பாடு இல்லை.
கறுப்பு வயர் ஒரு சாண். பற்றவைத்தேன்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது
என்றது மேடை.
சுகதன் போனான்.
அண்ணன் துண்டுச்சீட்டுக் கட்டை எடுத்து
ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை.
ஆபீஸிலேயே உட்கார்ந்து
எண்கள் வருவதைப் பார்த்திருந்தேன்.
வண்டி இல்லாத நேரம். மூன்றும் பூஜ்யம்.
பன்னிரண்டே முக்காலுக்கு
இரண்டாம் மேடையில் அறுபது.

நாய் என்று நினைத்தேன்.
அவ்வளவு கொழுத்த நாய் இந்த எல்லையில் கிடையாது.
ஜன்னலைத் துடைத்தேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பின் நடுவில்
குடை இல்லாமல் நாச்சிமுத்து அண்ணன்.
தன் எடையைப் பார்க்கக் கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.
என் விளக்கைப் பார்த்தபடி நின்றார்.
அறுபது, அறுபது, அறுபது
என்று வினாடிக்கு ஐந்து முறை
நீல வயர் வழியே, யாரும் எழுதாமல்.

வண்டி எண் என்ன என்று திரை கேட்டது.
சேமிக்கவா, அழிக்கவா என்றும் கேட்டது.
விரலை எடுத்துக்கொண்டேன்.
மேடையில் தண்ணீர் ஏற ஏற
எண்பது ஆனது.
இதில் அவர் எவ்வளவு, மழை எவ்வளவு என்று
நான் மாட்டிய பெட்டிக்குப் பிரிக்கத் தெரியாது.